வைஃபை பாகம் பிரித்த பெரும்போர்

வாழ்க, வாழ்க, வலைவிரி தோளன் வாழ்க! ஏணியின் கடைசிப் படியில் ஒற்றைக்கால் ஊன்றி நின்றும் உள்ளம் நடுங்காதவன்; சுவருக்குள் ஒளிந்தோடும் கம்பியின் போக்கை விரலால் தட்டியே அறிபவன்; எட்டு நிறக் கம்பிகளைக் கண்ணை மூடிக்கொண்டும் வரிசை பிசகாமல் முனைசேர்க்கும் செங்கரத்தோன்; அலுவலகங்களுக்கு வைஃபை அமைத்துக் கொடுப்பதைத் தொழிலாகவும், வீட்டில் ரிமோட்டுக்கு பேட்டரி மாற்றிக் கொடுப்பதைக் கடமையாகவும் பூண்டவன்; மாமனார் வீட்டு மாடியறையில் மனைவியோடு மூன்றாண்டுகளாக வீற்றிருந்து, மாப்பிள்ளை என்னும் ஒற்றைப் பட்டத்தால் விளங்கும் நம் தலைவன் நீடு வாழ்க! நானூறு பேர் வேலை பார்க்கும் ஒரு மருத்துவமனையில், டாக்டர்களை ஒரு பிரிவிலும், செவிலியரை இன்னொரு பிரிவிலும், பார்வையாளரை வேறொரு பிரிவிலும், எக்ஸ்ரே இயந்திரங்களைத் தனியொரு பிரிவிலுமாக ஒரே பிற்பகலில் வைஃபையைப் பிரித்து வைத்து, பிரிக்கப்பட்டது ஒருவருக்கும் தெரியாதபடி டீ குடித்துவிட்டு வந்தவன் அவன். அப்பேர்ப்பட்ட வீரனை ஐந்து பேர் கொண்ட ஒரு வீடு ஆறு நாள் படுத்திய பாட்டைத்தான் இங்கே பாடப்போகிறோம்.

காவியம் என்றால் காப்பு வேண்டும். ஆகவே, மாடிப்படித் திருப்பத்தில், ஆளுயரத்துக்கு மேலே, பச்சைக்கண் நான்கும் சிமிட்டி வீற்றிருக்கும் வெண்ணிறப் பெட்டியே! இருகொம்பு உயர்த்திய ஏந்தலே! மேலறைக்கும் கீழறைக்கும் ஒருபடித்தாய் அலைபொழியும் அருட்கொடையே! நீ கண் விழித்திருக்கும்வரை உன்னை ஒருவரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை, உன் ஒரு கண் சிவந்தாலோ நாலு திசையிலிருந்தும் "மாப்ளே!" என்ற கூக்குரல் எழுகிறது. இந்தக் கதை முடியும்மட்டும் சூடேறிப் படுத்துவிடாமல் இருந்து எம்மைக் காத்தருள்வாயாக.

அடுத்தது ஊர்ச் சிறப்பு. ஊர் பெரிது, போர் நடந்தது வீட்டுக்குள். எனவே வீட்டைப் பாடினால் போதும். மாடியில் ஓர் அறை. கீழே கூடம், சமையலறை, இரண்டு படுக்கையறைகள், துணி காயும் பால்கனி. கூடத்து நாற்காலியில் அரசு வீற்றிருப்பவர் மாமனார், நில அளவைத் துறையில் முப்பத்தாறு ஆண்டுகள் சங்கிலி பிடித்து ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகு அவருக்கு நிலம் அலுத்துவிட்டது, நீரில் இறங்கிவிட்டார். உலகத்துப் பேராறுகளில் யாரோ படகில் போய்ப் படம்பிடித்துப் போடும் வீடியோக்களைத் தம் போனில், வைத்த கண் வாங்காமல், முழுச் சத்தத்தில் பார்ப்பார். அவரெதிரே சோபாவில் மாமியார். கடல்கடந்த நாட்டிலிருக்கும் அவர் தங்கை தினமும் காலை பத்தரைக்குப் போனில் தோன்றுவார். போன் சிறிது, கண்ணோ மங்கல் என்பதால் அந்தத் தங்கையை டிவிக்கு மாற்றி, ஆளுயரத்துக்கு ஆக்கி, இருவரும் எதிரெதிரே அமர்ந்து கம்பளி நூல் பின்னியபடி ஒருவர் பிள்ளைகளை மற்றவர் விசாரிப்பார்கள். மைத்துனன் லிப்ட் பழுதுபார்ப்பவன், மாலை ஷிப்டுக்காரன். காலைநேரத்தில் கட்டிலை விட்டு இறங்காமலேயே எட்டு நாட்டு வீரரோடு போனில் துப்பாக்கிச் சண்டை போடும் போர்க்களப்புலி.

இனி, போர் மூண்ட காரணம். தலைவனின் மனைவி, பேச்சு வராத குழந்தைகளுக்குப் பேசப் பயிற்சி கொடுப்பவள். அவள் வேலை பார்த்த நிலையத்தை மூடிவிட்டார்கள். எட்டு மாதமாக வீட்டில் இருக்கிறாள். அந்த எட்டு மாதத்தில் அவள் அடுக்காத அலமாரி இல்லை, துடைக்காத ஜன்னல் இல்லை. போன மாதம் ஒரு பள்ளியில் நேர்காணலுக்கு அழைத்தார்கள், வீடியோவில்தான். திரைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். எல்லாம் நன்றாகவே போய்க்கொண்டிருந்தது. ழகரம் வராத குழந்தைக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பீர்கள் என்று கேட்டார்கள். காட்டுவதற்காக வாயை அகலத் திறந்து நாக்கை மேலே மடித்தாள். அந்தக் கணத்தில் கீழே மாமனார் ஒரு கண்டத்தின் மாபெரும் ஆற்றில் படகை இறக்கினார். மாமியாரின் தங்கை டிவியில் எழுந்தருளினார். மைத்துனன் பகைவர் கோட்டைக்குள் பாய்ந்தான். வைஃபை மூச்சுத் திணறி நின்றது. திறந்த வாயும் மடித்த நாக்குமாக அவள் முகம் அந்த மூவர் முன்னே ஐம்பது நொடி அசையாமல் நின்றது. திரும்ப உயிர் வந்தபோது அவர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார்கள். சாயங்காலம் "பங்கேற்றமைக்கு நன்றி" என்று ஒரு வரி வந்தது.

அவள் அழவில்லை. துவைத்து மடித்து வைத்திருந்த துணியை எடுத்துப் போய்த் திரும்பவும் துவைத்தாள். அதைப் பார்த்த தலைவன், பிழிவதற்கு ஒரு முனையைப் பிடித்துக்கொண்டான்.

"அப்பா அம்மாகிட்ட சொல்லிடாதீங்க," என்றாள். "நம்மாலதான் போச்சுன்னு தெரிஞ்சா அப்பா தூங்கவே மாட்டாரு. சத்தியம் பண்ணுங்க."

சத்தியம் பண்ணினான். நாலு வாரம் கழித்து, சனிக்கிழமை காலை பதினோரு மணிக்கு இன்னொரு நிலையத்தில் நேர்காணல் என்று அழைப்பு வந்தது. அதுவும் வீடியோவில்தான். செல்போன் சிக்னலோ அந்த மாடியறையை எட்டிப் பார்க்குமே தவிர உட்காராது. வைஃபையை விட்டால் வேறு கதியில்லை.

அப்போது எழுந்தான் தலைவன். புருவம் நெரிந்தது, திருப்புளி ஏந்திய கரம் துடித்தது, படிக்கட்டு அதிர, பச்சைக்கண் பெட்டியை நோக்கி அவன் நெஞ்சம் முழங்கிற்று: "கேளீர், அலைகாள்! ஒருவர் எல்லையில் ஒருவர் புகும் இந்த அராஜகத்துக்கு இன்றோடு முடிவு கட்டுவேன்! நானாபக்கமும் பரந்து கிடக்கும் இந்த ஒற்றை வெளியை நான்காய்ப் பிளப்பேன்! என் மனையாளின் பாகத்துக்குள் ஆற்றுநீர் ஒரு துளி புகாது! நூலிழை ஒன்று நுழையாது! தோட்டா ஒன்றும் தெறிக்காது! இது நடவாதாயின் இந்த இடுப்பில் இனித் திருப்புளி செருகேன்!" இவ்வளவும் நெஞ்சுக்குள் முழங்கியது. வாயால் அவன் மனைவியிடம் சொன்னது, "விடு, நான் பாத்துக்கறேன்."

"சண்டை வராம பாத்துக்கங்க," என்றாள் அவள்.

வைஃபையைப் பிரிப்பது எப்படி என்று கேட்பீராயின் சொல்வோம். வெளியே பார்த்தால் அதே பெயர், அதே பாஸ்வேர்டு, அதே பெட்டி. உள்ளேயோ கண்ணுக்குப் புலப்படாத மதில்கள். ஒவ்வொரு போனுக்கும் பிறக்கும்போதே ஓர் எண் உண்டு. அந்த எண்ணைப் பார்த்து, நீ இந்தப் பிரிவுக்குள் போ, நீ அந்தப் பிரிவுக்குள் போ என்று பெட்டி அவரவரை அவரவர் கோட்டைக்குள் அனுப்பிவிடும். ஒரு கோட்டைக்குள் நடப்பது இன்னொரு கோட்டைக்குத் தெரியாது. ஒருவர் எவ்வளவு மொண்டாலும் அடுத்தவர் பங்கு குறையாது. அந்த வாரம் முழுக்க லீவு போட்டுவிட்டு, திங்கட்கிழமை காலை எல்லோரும் பல் விளக்குவதற்குள் தலைவன் இந்த மாயமதில்களை எழுப்பி முடித்தான். மனைவியின் லேப்டாப்புக்குப் பிரிவு 10. மாமனார் போனுக்கும் கூடத்து டிவிக்கும் பிரிவு 20. மாமியாருக்கு 30. மைத்துனனுக்கு 40. இடையில் பிற்பாடு எதையாவது நுழைக்க வசதியாக இருக்கட்டும் என்று பத்துப் பத்தாக எண்ணுவது அந்தத் தொழிலின் வழக்கம், அதற்கு மேல் அதில் ஒரு ரகசியமும் இல்லை.

மருத்துவமனையில் செய்தது போலவே இங்கும் கமுக்கமாக விட்டிருந்தால் காவியம் இங்கேயே முடிந்திருக்கும். ஆனால் அத்தொழிலுக்கு இன்னொரு வழக்கமும் உண்டு: செய்த வேலையை ஒரு தாளில் எழுதிப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒட்டிவைக்க வேண்டும். நாளைக்கு வேறொருவன் வந்து பார்த்தாலும் புரிய வேண்டுமே! கட்டம் போட்டு, கோடு இழுத்து, எண்ணும் பெயருமாக அழகாக எழுதி ஒட்டினான். வினையை அவன் பசைதடவி ஒட்டினான் என்றே சொல்ல வேண்டும்.

நில அளவையாளர் வீட்டுச் சுவரில் கட்டம் போட்ட தாளா! மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மாமனார் படியேறினார். படித்தார். இன்னொருமுறை படித்தார். எத்தனை வீட்டுச் சுவரில், எத்தனை அண்ணன் தம்பிகள் நடுவில், இப்படி எண் போட்ட தாளை அவர் கையாலேயே ஒட்டியிருக்கிறார்! அவர் முகம் சுண்டிவிட்டது.

"மாப்ளே, இது என்ன?"

"ஒண்ணுமில்ல மாமா, வைஃபையைக் கொஞ்சம் பிரிச்சு விட்டிருக்கேன். எல்லாருக்கும் நல்லா வரும்."

"வைஃபைதான்னு எனக்குத் தெரியாதா? முப்பத்தாறு வருஷம் பாத்திருக்கேன் மாப்ளே. எந்த வீட்டுலயும் எடுத்த எடுப்புல நிலத்தைப் பிரிக்க மாட்டாங்க. முதல்ல தண்ணி மோட்டாரு. அப்புறம் வாசல் விளக்கு. அப்புறம் அடுப்பு. கடைசியாத்தான் என்னைக் கூப்பிடுவாங்க."

தலைவன் என்ன செய்வான்? காரணத்தைச் சொன்னால் சத்தியம் போச்சு. சொல்லாவிட்டால் மானம் போச்சு. "அப்படியெல்லாம் இல்ல மாமா," என்று மட்டும் சொன்னான். இல்லை என்று சொல்பவர்கள் எத்தனையோ பேரைப் பார்த்தவர் மாமனார்.

செய்தி சமையலறைக்குப் போய்ச் சேர எவ்வளவு நேரம் பிடிக்கும்? மாமியார் கையில் இருந்த கரண்டி நின்றது. அதன்பின் அவ்வம்மையார் மாப்பிள்ளையிடம் நேராகப் பேசுவதை நிறுத்திக்கொண்டார். எது சொன்னாலும் டிவியிடமோ, குளிர்சாதனப் பெட்டியிடமோதான் சொன்னார். "சாப்பாடு ஆறுது, சாப்பிடறவங்க சாப்பிடலாம்." "நான் உசுரோட இருக்கும்போதே பாகம் பிரிக்கறாங்க, பிரிக்கட்டும். நமக்கு முப்பதாம் நம்பர். போதும், போதும்." குளிர்சாதனப் பெட்டி எதற்கும் பதில் சொல்லாமல் உறுமியது. எய்பவர் முகத்தை வேறுபக்கம் திருப்பிக்கொண்டு எய்யும் இந்த அம்புக்கு உலகத்தில் கேடயமே கிடையாது. தலைவன் தட்டில் இருந்த சோற்றைக் குனிந்து தின்று எழுந்தான்.

செவ்வாயன்று மாமனாரின் ஆட்சேபணை மனு வந்தது. கோடு போட்ட தாளில், இடப்பக்கம் ஓரம் விட்டு, முத்து முத்தான கையெழுத்தில், மாப்பிள்ளை அவர்களுக்கு என்று விளித்து எழுதப்பட்டிருந்தது. கீழே கையொப்பமிட்டவருக்கு முன்னறிவிப்புத் தராமல் பிரிவினை நடந்தேறியிருப்பதாகவும், குடும்பத்தில் மூத்தவராகிய தமக்கு இரண்டாம் எண்ணும் இளையவளுக்கு முதல் எண்ணும் கொடுக்கப்பட்டதன் காரணம் விளக்கப்பட வேண்டும் என்றும், எல்லைக்கற்கள் எங்கெங்கே நடப்பட்டுள்ளன என்பதற்கு வரைபடம் வைக்கப்படவில்லை என்றும், மேற்படி குறைகள் தீரும்வரை தாம் மேற்படி பிரிவு 20-க்குள் பிரவேசிக்கப் போவதில்லை என்றும் அது கூறிற்று. சொன்னபடியே போனை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு, ஆறில்லாத நாற்காலியில் அரைநாள் உட்கார்ந்திருந்தார். மாலையில் ஆசை விடவில்லை; எதிர்ப்பைப் பதிவு செய்துகொண்டு பிரவேசித்தார்.

புதன்கிழமை மாயப்போர். மைத்துனனின் போன் புதிய போன். புதிய போன்களுக்கு ஒரு மாயவித்தை தெரியும்: பிறவி எண்ணை மறைத்து, நினைத்தபோதெல்லாம் வேறோர் எண்ணை முகமூடியாக மாட்டிக்கொள்ளும். பிரிவு 40-இல் தோட்டா மெதுவாகப் போகிறது என்று கண்ட அந்தப் புலி, வைஃபையை அழித்துவிட்டுத் திரும்பச் சேர்ந்தான். புதுமுகம்! பெட்டிக்கு ஆளைத் தெரியவில்லை; ஆள் தெரியாதவரையெல்லாம் பழைய பொதுவெளியிலேயே விட்டுவிடும் ஒரு சிறு சந்து மதிலில் அடைபடாமல் இருந்தது. அதன் வழியே வெளியேறி, மூவர் பங்கையும் சேர்த்து மொண்டு குடித்தான். தலைவன் அந்த எண்ணைப் பிடித்து 40-இல் போட்டான். அவன் இன்னொரு முகம் பூண்டான். அதையும் போட்டான். வேறொரு முகம். காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டுவரை படியில் ஒருவனும் கட்டிலில் ஒருவனுமாக, ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல், ஒரு சொல்லும் பேசாமல் பொருதனர். பதினேழாம் முகத்தில் தலைவனுக்குப் பொறுமை போயிற்று. பட்டியலில் இல்லாத எவருக்கும் அனுமதியில்லை என்று அந்தச் சந்தினை அடைத்தான். உடனே உள்ளறையிலிருந்து, "அத்தான், நெட் வரல!" என்ற பேரோலம் எழுந்தது.

"முகமூடியைக் கழட்டு, வரும்."

"என்ன முகமூடி?"

"உனக்குத் தெரியும்."

பிறவி எண் மெல்லத் தலைகாட்டியது. பிரிவு 40 அதை வாங்கிக்கொண்டது. தலைவன் நெற்றி வேர்வையைத் துடைத்தான். வாழ்வில் முதன்முறையாக அந்த வீட்டில் ஒருவரை வென்றிருந்தான்.

அந்த வெற்றி ஒருநாள்கூட நீடிக்கவில்லை. சந்தினை அடைத்த அதே அடியில், அதுவரை பிரிவுக்குப் பிரிவு வழிவிட்டிருந்த கடைசி மதிலும் இறுகிவிட்டதை அவன் கவனிக்கவில்லை. வியாழன் பத்தரைக்கு மாமியாரின் போனில் தங்கை தோன்றினார். டிவிக்கு மாற்றினார். டிவி கறுப்பாகவே இருந்தது. போன் 30-இல், டிவி 20-இல்! ஒன்றை ஒன்று பார்க்க முடியாது. மாமியார் போனைத் தட்டினார், டிவியைத் தட்டினார், பின்பு மெதுவாகச் சோபாவில் சாய்ந்தார். இம்முறை குளிர்சாதனப் பெட்டியைக் கூப்பிடவில்லை. கணவரைப் பார்த்தே சொன்னார்: "நாப்பது வருஷமா ஒண்ணா இருந்ததுக்கு, உங்களுக்கும் எனக்கும் நடுவுலயே சுவர் வெச்சிட்டாரு மாப்பிள்ளை." பிறகு உள்ளங்கை அகலப் போனில் தங்கையின் முகத்தைக் கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தார். பின்னலில் இரண்டு கண்ணி தவறியது.

படித்திருப்பத்தில் நின்று அதைப் பார்த்த தலைவனுக்கு நிஜமாகவே வருத்தமாகிவிட்டது. மாமியார் தொல்லைதான், ஆனால் கெட்டவர் அல்லர். அவன் காய்ச்சலில் கிடந்தபோது மூன்று நாள் மாடியேறி இறங்கியவர். டிவியை 30-க்கு மாற்றினால் மாமனார் மறுபடியும் மனுப் போடுவார். எல்லா மதிலையும் இடித்தால் சனிக்கிழமை போய்விடும். வெள்ளிக்கிழமை காலை சாப்பாட்டு மேசையில் சமாதானப் பேச்சுக்கு ஒப்புக்கொண்டான்.

மேசைமேல் மாமனார் ஒரு பெரிய தாளை விரித்தார். வீட்டை அளந்து, அரையங்குலத்துக்கு ஓரடி என்று வரைந்திருந்தார். பெட்டியிருக்கும் இடம் சிவப்பு முக்கோணம். அவரவர் பாகத்துக்கு அவரவர் நிறம்.

"பிரிக்கறது உங்க இஷ்டம் மாப்ளே. ஆனா எந்தப் பத்திரத்துலயும் பொதுப்பாதைன்னு ஒண்ணு விடாம நான் கையெழுத்துப் போட்டதில்ல. இவ போன்லேருந்து டிவிக்குப் பாதை வேணும்."

"விட்டுடலாம் மாமா. இவங்க போன் ஒண்ணு மட்டும் டிவியைப் பாக்கலாம்னு ஒரு விதி எழுதினா முடிஞ்சுது."

"அகலம் எவ்வளவு?"

"அகலமெல்லாம் கிடையாது மாமா."

"அகலமில்லாத பாதையா? நாளைக்கு எவனாவது மறிச்சா எதை வெச்சுக் கேப்பீங்க? மூணு அடின்னு போடுங்க."

தலைவன் ஒரு பெருமூச்சு விட்டு, லேப்டாப்பைத் திறந்து, விதியை எழுதி, அதற்கு 'பொதுப்பாதை மூன்றடி' என்று பெயரும் வைத்தான். மாமனார் கிட்ட வந்து எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டுத் தலையசைத்தார். பத்தரைக்கு டிவியில் ஒளி பிறந்தது. ஆளுயரத் தங்கை தோன்றி, "அக்கா, நேத்து ஏன் கண்ணை இடுக்கிட்டே பேசுன?" என்றார். மாமியார் தவறிய கண்ணிகளை உருவி மறுபடி பின்ன ஆரம்பித்தார்.

போர் ஓய்ந்ததென்று எண்ணித் தலைவன் எழப் போகையில் மாமனார் அவன் கையைப் பிடித்தார். குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "ஒண்ணு மட்டும் சொல்லுங்க மாப்ளே. தனியாப் போகலாம்னு ரெண்டு பேரும் முடிவு பண்ணிட்டீங்களா? போறதுன்னா போங்க, தடுக்க மாட்டேன். வைஃபையில ஆரம்பிக்க வேணாம், நேரா சொல்லிடுங்க." ஆற்றில் படகு விடும் அந்தக் கண்கள் கலங்கியிருந்தன. மலைபோன்ற நம் தலைவன் அக்கணம் மெழுகானான். உண்மை தொண்டைவரை வந்தது. சத்தியம் அதன் தலையில் குட்டி உள்ளே தள்ளிற்று. "நாங்க எங்கயும் போகல மாமா," என்று மட்டும் சொல்லிவிட்டு மாடியேறினான். இரவு நெடுநேரம் புரண்டான். பக்கத்தில் அவளும் தூங்கவில்லை. மாமனார் கேட்டதை அவளிடம் சொன்னான். அவள் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

புலர்ந்தது சனிக்கிழமை! பரிதி எழுந்தான், பால்காரர் மணியடித்தார், மாடியறையில் அவள் தலைவாரி, திரையில் தெரிகிற அளவுக்குப் புதுச் சேலையும் தெரியாத இடத்தில் பழைய செருப்புமாக லேப்டாப்பின் முன் அமர்ந்து கதவைச் சாத்தினாள். படித்திருப்பத்திலோ, பெட்டிக்கு நேர்கீழே, தன் லேப்டாப்பைக் கேபிளால் அதனோடு பிணைத்து மடியில் தாங்கி, கண்ணிமைக்காக் காவலனாய் நம் தலைவன் அமர்ந்தான். அங்கிருந்து பார்த்தால் மேலே சாத்திய கதவு தெரியும்; கூடம் தெரியாது. திரையில் நான்கு பிரிவுகளும் நான்கு பட்டைகளாய் ஏறி இறங்கின. ஆற்றுநீர் தன் கரைக்குள் ஓடியது; நூலிழை மூன்றடிப் பாதையில் பிசகாமல் போயிற்று; தோட்டாக்கள் தம் மதிலுக்குள்ளேயே பறந்தன.

பத்து ஐம்பத்தைந்துக்கு, அந்தோ, பிரிவு 40 மறைந்தது! மைத்துனனின் போன் பட்டியலிலேயே இல்லை. தலைவன் திரையைத் தட்டினான். ஐம்பத்தாறுக்கு மாமியாரின் போன் அவிந்தது. ஐம்பத்தேழுக்கு டிவி. ஐம்பத்தெட்டுக்கு மாமனார். கோட்டைகள் ஒவ்வொன்றாய்க் குடிகளை இழந்து வெறிச்சோடின. எந்த விதியில் பிழை? எந்த மதில் சரிகிறது? பெட்டி மூச்சு விடுகிறதா, மூச்சை விடப் போகிறதா? அடுத்து அணையப்போவது பத்தாம் எண்ணல்லவா! கை பரபரத்தது, ஆனால் ஒரு விதியைத் தொட்டாலும் பெட்டி அரை நிமிடம் அலையை நிறுத்திவிட்டுத்தான் திரும்ப எழும். தொட்டால் அவன் கையாலேயே அவள் பேச்சு அறும். ஆயுதம் ஏந்திய வீரனுக்கு ஆயுதத்தை எடுக்காதே என்பதைவிடக் கொடிய ஆணை வேறென்ன? இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்து அவற்றின்மேல் உட்கார்ந்தான்.

பதினொன்று. கதவுக்கப்பால் "வணக்கம்" என்ற குரல். பிரிவு 10-இன் பட்டை ஏறி நின்றது. பத்து நிமிடம், நின்றது. இருபது நிமிடம், வெறிச்சோடிய மூன்று கோட்டைகளுக்கு நடுவில் அது ஒன்றே தன்னந்தனியாய் நின்றது. அப்போது கதவுக்கப்பால், "இப்ப பாருங்க, நாக்கை இப்படி மேல மடிச்சு..." என்று அவள் சொல்வது கேட்டது. பிறகு சத்தம் இல்லை. தலைவன் மூச்சைப் பிடித்தான். ஒரு நொடி. இரு நொடி. உலகத்து ஆறுகளெல்லாம் நின்றன. மூன்றாம் நொடியில், "ழ! இதான். நீங்களும் சொல்லிப் பாருங்க," என்றாள், திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து மூன்று பெரியவர்கள் குழந்தைகளைப் போல ழ, ழ, ழ என்று சொல்லிச் சிரித்தார்கள். தலைவனின் கண்ணில் நீர் பொங்கிவிட்டது. துடைக்கக் கையை எடுக்கவும் பயமாக இருந்தது.

பதினொன்று நாற்பதுக்குக் கதவு திறந்தது. "ஒரு தடவகூட நிக்கலைங்க," என்றாள். குரல் உடைந்தது. "திங்கக்கிழமை வந்து சேரச் சொல்லிட்டாங்க."

ஆ, அக்கணத்து நம் தலைவன் கொண்ட பெருமிதத்தைப் பாட ஆயிரம் நாவு வேண்டும்! எட்டு மாதத்து அலமாரிகளும் ஜன்னல்களும் அவன் நெஞ்சைவிட்டு இறங்கின. கோட்டைகள் வெறிச்சோடியது ஏன் என்பதும் இப்போது அவனுக்கு விளங்கிவிட்டது: அவன் எழுப்பிய மதில்கள் அத்தனை உறுதி, உள்ளிருந்த படைகள் வெளியே தலைகாட்டவும் அஞ்சி ஒடுங்கிவிட்டன! மனு ஒன்றை வென்றவன், பதினேழு முகங்களை வென்றவன், மூன்றடிப் பாதையை அகலமில்லாத வெளியில் வெட்டியவன், லேப்டாப்பை மார்போடு அணைத்து, கேபிள் பின்னே இழுபட, படிகள் ஒவ்வொன்றும் தன் பெயர் சொல்ல, மாமனாரின் முகத்துக்கு நேரே தன் பிரிவினையின் மாண்பைப் பறைசாற்றும் பேருரையை நாவின் நுனியில் ஏந்தி, வாகைசூடிய வேந்தனாய்க் கூடத்துக்குள் இறங்கினான்.

காலையிலேயே மகள் கீழே வந்து விஷயத்தைச் சொல்லிவிட்டதால், எல்லாரும் போனையும் டிவியையும் அணைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார்கள்.